கதை இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.

தூத்துக்குடியில் மோத்தா அண்ணாச்சி சொல்வதில் பாதியை நம்பலாம் என்பார்கள். எந்தப் பாதி என்று கேட்டால் மட்டும் எல்லாரும் குனிந்து டீயை ஊத ஆரம்பித்துவிடுவார்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் கடை. அதை ஒட்டியே சேர்மக்கனியின் டீக்கடை. அண்ணாச்சி தன் கடைக்குள் இருந்த நேரத்தைவிட டீக்கடை பெஞ்சில் இருந்த நேரம்தான் அதிகம். வியாபாரமும் பெஞ்சில்தான். சாமானைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்வார். அந்தச் சாமானைத் தான் ஓட்டிய விதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பால் திரிந்துவிடும்.

அன்றைக்கு வந்து மாட்டியவள் ஜெனோவா. பிளஸ் டூ முடித்ததும், இனிமேல் ஒரு காலேஜ் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று வீட்டில் நேராகச் சொன்னவள். சொன்ன நாளிலிருந்து அவள் வீட்டில் தட்டும் டம்ளரும் சத்தமாகத்தான் கீழே வைக்கப்படுகின்றன. அவளுக்கு வீடியோ எடிட்டிங் வரும். நன்றாகவே வரும். முதல் ஆர்டரும் கிடைத்துவிட்டது. வருகிற புதன்கிழமை காலையில் மாதா கோயிலில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற அந்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, அன்றைக்குச் சாயங்காலமே ரிசப்ஷனில் பெரிய திரையில் ஓட்ட வேண்டும். அவளிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரில் செய்தால், படம் முடிவதற்குள் அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து ஞானஸ்நானமும் ஆகிவிடும்.

அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "புதன்கிழமை படம் ஓடலேன்னா வியாழக்கிழமை உன்ன பி.காம்.ல சேத்துருவேன். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

ஜெனோவா சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

கப்பலில் வேலை பார்க்கிற தாய்மாமன் சிங்கப்பூரில் வாங்கிவந்து கொடுத்த ப்ராசஸர் ஒன்று அவளிடம் இருந்தது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலேயும் முடுக்கி ஓட்டலாம் என்கிற ரகம். அதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக். முடுக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கரெண்டைக் குடிக்கும், சூட்டைக் கக்கும். அதைத் தாங்குகிற மதர்போர்டு வேண்டும். அந்த போர்டுக்குச் சிந்தாமல் சிதறாமல் கரெண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். மட்டமாக இருந்தால் அது தனியாகச் சாகாது. போகும்போது போர்டு, ப்ராசஸர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். மாமன் மறுபடி கரை இறங்க அடுத்த கிறிஸ்துமஸ் ஆகும்.

மற்ற கடைகளில் கேட்டாயிற்று. வெளியூரிலிருந்து வரவழைக்க ஒரு வாரமாம். மிச்சம் இருந்தது மோத்தா அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஓவர்கிளாக் பண்ற மாதிரி மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வேணும். இன்னைக்கே."

"உக்காரு பிள்ளே."

"உக்கார நேரமில்ல."

"அப்ப நின்னுக்கிட்டே கேளு." அண்ணாச்சி உள்ளே போய் மேல் ரேக்கிலிருந்து ரெண்டு சாமானைத் தூக்கிவந்தார். ஒன்று, அப்பளம் மாதிரி மெல்லிய பச்சை மதர்போர்டு. இன்னொன்று, கறுப்பு எஸ்.எம்.பி.எஸ். அதன் மேல் தங்கக் கலரில் சிறகு விரித்த ராஜாளி. ராஜாளிக்குக் கீழே 'ஆயிரம் வாட்' என்று அதைவிடப் பெரிய எழுத்து.

"கையில தூக்கிப் பாரு."

எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிற எல்லாரும் செய்கிற காரியம் அது. வாழைத்தார் வாங்குகிற மாதிரி தூக்கி எடை பார்ப்பார்கள். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறதாம். ராஜாளி கனத்தது. ஜெனோவாவின் கை தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு நொடி அவளுக்கே ஆசை வந்தது, அதை மறைப்பானேன்? சும்மா ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டது.

"அண்ணாச்சி, உள்ள என்னமோ உருளுது."

"கரெண்டு."

"கரெண்டா?"

"ஸ்டாக் கரெண்டு. ஆயிரம் வாட்டும் செலவாகலேன்னா மிச்சம் அடியில கெட்டிப்பட்டுக் கெடக்கும். நல்ல சாமான்லதான் அது நடக்கும்."

பெஞ்சின் அந்த முனையில் ஆட்டோ ஓட்டுகிற இசக்கி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி வாயைத் திறந்தால் அவருக்குச் சவாரி வேண்டாம். அண்ணாச்சி எதைச் சொன்னாலும் கடைசியில் இசக்கி கேட்பது ஒரே கேள்விதான்: சாட்சி யாரு?

"என் ஆட்டோ பேட்டரியிலயும் கரெண்டு இருக்கு அண்ணாச்சி. ஒரு நாளும் உருண்டதில்லையே," என்றார் இசக்கி.

"உன் ஆட்டோவே உருளாது. அதுல கரெண்டு எங்கல உருளும்?"

ஜெனோவா போர்டைத் திருப்பிப் பார்த்தாள். "ப்ராசஸரச் சுத்திச் சூட்ட இழுக்கிற அலுமினியக் கட்டி ஒண்ணுமே இதுல இல்ல. முடுக்குனா எரிஞ்சிராதா?"

"உப்பளத்துல வேலை பாக்கிறவன் குடை புடிச்சிக்கிட்டா நிப்பான்? கட்டி தேடுறது நோஞ்சான் போர்டு பிள்ளே. நான் சொல்லுதேன் கேளு. இதே போர்டு, இதே ராஜாளி, நான் ஓட்டிருக்கேன்."

இசக்கி ஆட்டோ சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சேர்மக்கனி அடுப்பைத் தணித்தார். ஜெனோவாவுக்கு மட்டும் எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"மொத தடவ முடுக்குனேன் பாரு, கம்ப்யூட்டர் கேபினெட்டு மேல கை வைக்க முடியல. எங்க வீட்டுக்காரி சும்மா விடுவாளா? மக்ரூன் மாவப் பிழிஞ்சு தட்ட அது மேல வெச்சுட்டா. ஒரு படம் தயாராகி முடியுறதுக்குள்ள ஒரு தட்டு மக்ரூன். சின்னப் படம்னா வெள்ள வெளேர்னு வரும். பெரிய படம்னா லேசாச் செவக்கும். சண்டைப் படம் ஓட்டுன அன்னைக்குத்தான் கருகிட்டு."

"சாட்சி யாரு?"

"பேக்கரி செல்லத்தொரை. மக்ரூனக் கடிச்சுப் பாத்துட்டு, என் அடுப்ப எடுத்துக்கிட்டு உங்க கம்ப்யூட்டரக் குடுங்கன்னு கால்ல விழுந்தான்."

"அவரு இப்ப எங்க?"

"கனடா."

"அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா, "நான் மக்ரூன் போடல. வீடியோ போடுதேன். வேகம் வருமா, வராதா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"வேகமா? லெட்டர் அடிக்க உக்காருவேன். 'அ' அடிக்கணும்னு நெனப்பேன். விரல் அந்தரத்துலதான் நிக்கும், ஸ்கிரீன்ல 'அ' வந்து உக்காந்திருக்கும். ஒருநாள் எங்க மச்சானுக்கு மரியாதையா நாலு வரி எழுதலாம்னு உக்காந்தேன். மனசுல இருந்தது பூராம் வந்துட்டு. வந்த வேகத்துல அவருக்குப் போயும் சேந்துட்டு. அன்னையில இருந்து மச்சான் எங்கூடப் பேசுறதில்ல."

"சாட்சி?"

"அந்த மச்சான்தான்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"அதான் பேச மாட்டாரேல!"

சேர்மக்கனி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஃபேன் எப்படி அண்ணாச்சி? சூடு அம்புட்டு இருந்தா ஃபேன் சுத்தணுமில்ல?" என்று எடுத்துக் கொடுத்தார். ஜெனோவா அவரை முறைத்தாள். டீக்கடைக்காரர் கதைக்கு எண்ணெய் ஊற்றுவது எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு கதைக்கு ஆளுக்கு ரெண்டு டீ.

"ஃபேனா? நல்லாக் கேட்ட. கேபினெட்டுக்குப் பின்னால ஒரே ஒரு ஃபேன். அதுக்கு நேரா கிழக்க பாத்த ஜன்னல். அன்னைக்குக் கொழும்புக்கு வெங்காயம் ஏத்துன தோணி ஒண்ணு இஞ்சின் கெட்டுப்போய் கரையில நிக்கி. அவங்க பாய விரிச்சுக்கிட்டு, காத்து வருமா வருமான்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் இங்கன பட்டனத் தட்டுனேன். அவ்வளவுதான். கால டீயக் குடிச்சிட்டுக் கெளம்புன தோணி மத்தியானச் சோத்துக்குக் கொழும்பு. அங்க போயி நிக்க மாட்டேங்குது! எனக்கு ஃபோன் போட்டுக் கத்துறாங்க. 'அண்ணாச்சி, கம்ப்யூட்டர நிறுத்துங்க, கொழும்பு பின்னால போய்க்கிட்டு இருக்கு!'"

"நிறுத்துனீங்களா?"

"எப்படி நிறுத்த? அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கு. பாதியில அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்லா."

"தோணியில போனவங்கதான் சாட்சியா?"

"ஆமா. மாலத்தீவுல கடை வெச்சிருக்காங்கன்னு கேள்வி. வெங்காயக் கடை."

ஜெனோவா ப்ராசஸர் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பி.காம். அதைவிட நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து கடைக்குள் அண்ணாச்சியின் சொந்தக் கம்ப்யூட்டர் தெரிந்தது. மேலே ஒரு துணி விரித்து, துணிக்கு மேலே சின்ன மாதா சுரூபம் வைத்து, பிள்ளையைப் போல வைத்திருந்தார் அதை.

"இது என்ன, ஐப்பசி மழையில நடந்தத இன்னும் சொல்லலையே," அண்ணாச்சி விட்ட இடத்தில் பிடித்தார். "உப்பளம் பூராம் தண்ணி. உப்பு எடுக்கிற பேச்சே இல்ல. ஒருத்தர் வந்து அழுதாரு, எனக்கு மனசு கேக்கல. கேபினெட்ட சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டுபோயி பாத்தி வரப்புல வெச்சேன். முடுக்குனேன். தண்ணி கொதிச்சு, ஆவி எந்திரிச்சு, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பாத்தி பூராம் வெள்ள வெளேர்னு உப்பு. நடுவுல ஒரு கொக்கு, மீனுக்காக ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. பாவம். தூக்குன கால அது கீழ வைக்குறதுக்குள்ள நின்ன கால உப்பு புடிச்சுட்டு."

"அண்ணாச்சி!" என்றார் இசக்கி.

"கடப்பாறை போட்டு நான்தான்ல எடுத்துவிட்டேன்."

"சாட்சி?"

"கொக்கு."

"கொக்கு எங்க?"

"பறந்துட்டு. நன்றி கெட்டது. திரும்பிக்கூடப் பாக்கல."

சேர்மக்கனிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். "அண்ணாச்சி, உப்பளத்து வரப்புல பிளக் பாயிண்டு ஏது?"

மற்றவர்களாக இருந்தால் அங்கே மாட்டியிருப்பார்கள். அண்ணாச்சி ஒரு வாய் டீ குடித்தார், அவ்வளவுதான்.

"அங்கதான் நிக்குறான் ராஜாளி. பிளக்கே வேணாம்லா! உள்ள உருளுதுன்னு பிள்ள சொல்லிச்சே, அந்த ஸ்டாக்லயே ஓடும். ஒருநாள் எங்க தெருவுல கரெண்டு போயிட்டு. ஊரே வேர்த்து வழியுது. நான் ராஜாளி வயர எடுத்து சுவத்து பிளக்குல தலைகீழாச் சொருகுனேன். கரெண்டு உள்ளுக்குள்ள இருந்து வெளிய போவுது! எங்க வீடு, பக்கத்து வீடு, தெரு வெளக்கு, எல்லாம் எரியுது. தெரு முக்குல நிக்குற டிரான்ஸ்பார்மர் 'ஏ, எனக்கு இன்னைக்கு லீவு'ன்னு பெருமூச்சு விட்டுச்சு, என் காதால கேட்டேன். மீட்டரு பின்னால சுத்துது. சுத்திச் சுத்தி எங்க தாத்தா காலத்துக்குப் போயிட்டு. அப்ப எங்க வீட்டுல அரிக்கேன் வெளக்குதான். மீட்டருக்கு என்ன காட்டணும்னே தெரியல, வெக்கப்பட்டு நின்னுட்டு."

இசக்கி வாயைத் திறந்தார். சாட்சி கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மூடிக்கொண்டார்.

தெம்பு ஜெனோவாவிடம்தான் இருந்தது. அவள் தந்திரம் எதுவும் யோசிக்கவில்லை. அவளுக்கு வேலை ஆக வேண்டும், அவ்வளவுதான்.

"சரி அண்ணாச்சி. இம்புட்டு நல்ல சாமானா இருந்தா, உங்க கடை மெஷின்லயே இத மாட்டி ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா நான் இதையே எடுத்துக்கிடுதேன். கொக்கையும் நம்புதேன்."

அண்ணாச்சி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த மெஷின்ல?"

"அந்தா, துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்களே."

"அது எதுக்கு பிள்ளே இப்ப? அதக் கழட்டணும், மாட்டணும்... ஸ்க்ரூடிரைவர் வீட்ல கெடக்கு."

"ஆட்டோவுல இருக்கு அண்ணாச்சி," என்றார் இசக்கி.

"மழை வாற மாதிரி இருக்கு."

மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மேகம் இல்லை. இசக்கி எழுந்து கடைக்குள் போய், துணியைத் தூக்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தார்.

"அண்ணாச்சி, இதுல ராஜாளியக் காணுமே. ஏதோ வேற பேருல்லா ஒட்டிருக்கு."

"துணியப் போடுல!" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் இசக்கி நிமிர்ந்து தலையை ரேக்கில் இடித்துக்கொண்டார். அப்புறம் அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "அதுல வேணாம் பிள்ளே. மஸ்கட்ல இருந்து எம் மக அனுப்புன வீடியோ அதுலதான் கெடக்கு. பேரன் மொத மொதல்ல நடந்தது. எம் மக ஃபோனும் தொலைஞ்சு போச்சு. வேற எங்கயும் இல்ல. தெனமும் கடை தொறந்ததும் ஒருக்காப் போட்டுப் பாப்பேன்."

அதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

ஜெனோவா ப்ராசஸர் டப்பாவை அவர் முன்னால் பெஞ்சில் வைத்தாள். "எங்கிட்டயும் இது ஒண்ணுதான் அண்ணாச்சி இருக்கு."

அண்ணாச்சி டப்பாவைப் பார்த்தார். ராஜாளியைப் பார்த்தார். அதை எடுத்து மெதுவாக ஒரு தடவை ஆட்டினார். கடகட.

"சிமெண்டு," என்றார். "கனம் காட்ட உள்ள ஒரு துண்டு போட்டிருக்கான். ஒரு பெட்டி பூராம் எந்தலையில கட்டிட்டுப் போயிட்டான் ஒருத்தன்."

எழுந்து உள்ளே போனார். இந்தத் தடவை மேல் ரேக்குக்குப் போகவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, தூசி தட்டி, ரெண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துவந்தார். ஒன்றில் மதர்போர்டு. ப்ராசஸர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தடித் தடியாக அலுமினியக் கட்டிகள். இன்னொன்றில் எஸ்.எம்.பி.எஸ். படம் இல்லை, பறவை இல்லை, தங்க எழுத்தும் இல்லை. தூக்கிப் பார்த்தால் ராஜாளியைவிட இளைப்பு. ஆட்டினால் சத்தமே வரவில்லை.

"எழுநூத்தம்பது வாட்டுதான் போட்டிருக்கான். ஆனா போட்டதக் குடுக்கும். உன் ப்ராசஸருக்கு இது தாராளம். எம் மெஷின்ல ஓடுறதும் இதுதான்."

இசக்கி தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு என்ன கதை அண்ணாச்சி?"

"ஒரு கதையும் இல்ல. மாட்டுனேன். ஓடுது." அதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. "அதனாலதான் இத யாருக்கும் காட்டுறதில்ல. என்னத்தச் சொல்லி விக்க?"

"கதை இல்லாததே குடுங்க," என்றாள் ஜெனோவா.

வியாழக்கிழமை காலையில் அவள் டீக்கடைக்கு வந்தபோது மூன்று பேரும் அதே இடங்களில் இருந்தார்கள். அவள் தோளில் காலேஜ் பை இல்லை. அதை எல்லாரும் முதலில் பார்த்துவிட்டார்கள்.

"ஓடுச்சா?" என்றார் சேர்மக்கனி.

"ஓடுச்சு."

"எப்படி ஓடுச்சு?"

"மாட்டுனேன். முடுக்குனேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுட்டு. திரையில போட்டாங்க, எல்லாரும் கை தட்டுனாங்க. அம்மா பாத்துட்டு, பி.காம். பேச்ச விட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

பெஞ்சே சுருங்கிப்போனது. இசக்கி ஆட்டோ சாவியை வெளியே எடுத்தார். சேர்மக்கனி அடுப்புப் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன். அந்தச் சாமான வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேச முடியாது," என்றார். ராஜாளியும் போய், கொக்கும் போய், அன்றையிலிருந்து அவர் ஒரு கதையும் சொல்லவில்லையாம். சேர்மக்கனிக்கு டீ வியாபாரம் பாதி.

ஜெனோவா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அந்தக் கடையில் முதல் தடவையாக, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"முழுசாச் சொல்லல அண்ணாச்சி. படம் புதன்கிழமை முடியல."

"பின்ன?"

"செவ்வாக்கிழமையே முடிஞ்சுட்டு."

இசக்கி சாவியைப் பிடித்த கையோடு நின்றார். "கல்யாணமே புதன்கிழமதானம்மா?"

"அதத்தான் சொல்லுதேன். கொஞ்சம் கூடுதலா முடுக்கிட்டேன். கேமராவ இன்னும் பையில இருந்தே எடுக்கல, இங்க படம் ஓடுது. கோயில் தெரியுது, பொண்ணு மாப்பிள்ளை தெரியுது, தாலி தெரியுது. தாலிய எடுத்துக் கழுத்துக்கிட்ட கொண்டுபோற நேரம், மாப்பிள்ளை ஒரு தும்மல் போடுறாரு பாருங்க, தாலி பறந்து போயி பலிபீடத்துல விழுது. ஓடுனேன் மாப்பிள்ளை வீட்டுக்கு. 'அண்ணே, நாளைக்குத் தாலி கட்டும்போது தும்முவீங்க, மூக்கப் புடிச்சுக்கிடுங்க'ன்னேன். புடிச்சுக்கிட்டாரு. அதனாலதான் நேத்து தாலி ஏறுச்சு."

சேர்மக்கனி அடுப்பைத் தணித்தார்.

இசக்கி பெஞ்சில் உட்கார்ந்தார். சாவி பைக்குள் போனது. "சாட்சி யாரு?"

ஜெனோவா கையை நீட்டிக் காட்டினாள். "இந்தா இருக்காருல்லா. மோத்தா அண்ணாச்சி. கல்யாணத்துக்கு வந்திருந்தாரு."

அந்தப் பெஞ்சு போட்ட நாளிலிருந்து, ஊருக்குள்ளேயே இருக்கிற, உயிரோடு இருக்கிற, பேசக்கூடிய ஒரு சாட்சி அன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. ரெண்டு பேரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கிளாசைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"பிள்ள சொல்றது தப்பு," என்றார். "தும்மல் ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டாவது தும்மலுக்கு மாப்பிள்ளை மூக்கப் புடிச்சதே நான்தான்."